போவேன் என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன், சிட்னி மாநகரின் வடபுறத்தில் யூக்கலிப்டஸ் மரங்கள் அடர்ந்த வாருங்கா என்னும் பகுதியில் குடியிருக்கும் என் தம்பியின் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெண்ணொருத்தி ஒரு மாலைப் பொழுதில் என்னிடம் கேட்ட கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. அவள் பாலங்களுக்குக் கணக்கிட்டு வடிவமைக்கும் பொறியாளர். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்து வளர்ந்தவள். ஞாயிறு தவறாமல் தாயாருடன் தேவாலயம் செல்கிறவள். அமெரிக்காவிலிருந்து ஒரு நிறுவனம் அவளை வேலைக்கு அழைத்திருந்தது. சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினியைத் திறந்துவைத்து விசா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தவள், எவ்வளவு காலம் தங்க உத்தேசம் என்று கேட்ட இடத்தில் விரலை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

“காலம் முடிந்ததும் புறப்பட்டு விடுவேன் என்று நான் உறுதி சொல்ல வேண்டும். புறப்படுவேனா என்பது எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றை உறுதியாகச் சொன்னால் அது பொய்தானே?” என்றாள்.

அவள் தாயார் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடத் தொடங்கியதைக் கண்டேன். நான் உடனே விடை சொல்லவில்லை. சட்ட நிபுணரிடம் கேட்டிருந்தால் இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோகக்கூடிய அந்த ஐயம், சத்தியம் என்பது என்ன, சங்கல்பம் என்பது என்ன, நாளைய தினத்தைப்பற்றி மனிதன் எவ்வளவு தூரம் வாக்குக் கொடுக்கலாம் என்னும் பழைய கேள்விகளின் வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அன்று சொல்லத் தவறியதை இப்போது நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

அவள் விண்ணப்பித்தது ஈ-3 என்னும் விசா. ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கென்றே அமெரிக்கா பிரத்தியேகமாக வகுத்திருக்கும் அனுமதி அது. இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பட்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2005 ஜனவரி 1 ஆம் தேதி அமலுக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே இந்த விசாவும் சட்டமாயிற்று. பட்டப்படிப்பும் அதற்கிணையான விசேஷ அறிவும் வேண்டியிருக்கும் தொழில்களுக்கு, ஆண்டொன்றுக்கு 10,500 பேர் வரை இவ்வழியாகச் செல்லலாம். வேலை கொடுப்பவர் முதலில் அமெரிக்கத் தொழிலாளர் இலாகாவில் ஒரு பிரமாணம் தாக்கல் செய்ய வேண்டும்: அந்த வட்டாரத்தில் அத்தொழிலுக்கு நிலவும் ஊதியம், தம்மிடம் அதே வேலை பார்ப்பவர்க்குத் தாம் தரும் ஊதியம் ஆகிய இரண்டில் எது உயர்ந்ததோ அதற்குக் குறையாமல் கொடுப்பதாகவும், வெளிநாட்டாரை அமர்த்துவதால் உள்ளூர்த் தொழிலாளரின் நிலைமை கெடாது என்பதாகவும் அவர் ஒப்புக்கொண்டு, அந்த அறிவிப்பை வேலைத்தலத்தில் யாவரும் காண வைக்க வேண்டும். அனுமதி இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கிடைக்கும். எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு வரையறை கிடையாது. கணவனோ மனைவியோ உடன் சென்று தாமும் வேலை பார்க்கலாம். இவ்வளவு தாராளமான ஏற்பாட்டுக்கு நடுவில், காலம் முடிந்ததும் புறப்பட்டு விடும் எண்ணம் உனக்கு உண்டா என்னும் ஒரு கேள்வி மட்டும் மனிதனின் உள்ளத்தை நோக்கி நீட்டப்படுகிறது.

இந்தக் கேள்வியின் பின்னணி ஆழ்ந்து நோக்கத்தக்கது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், தற்காலிகமாக வருகிறேன் என்று சொல்லி வாசலில் நிற்பவரை, அவர் மாறாக நிரூபிக்கும்வரை, நிரந்தரமாகத் தங்க வந்தவராகவே பொதுவிதியாகக் கொள்கிறது. நிரூபிக்கும் பாரம் வந்தவருடையது. சுற்றுலா செல்பவரிடமும் மாணவரிடமும், கைவிட எண்ணாத வீடொன்று உன் நாட்டில் இருக்கிறதா என்று அது கேட்கும். ஈ-3 விசாவுக்கு வருபவரிடம் அவ்வாறு வீட்டைக் காட்டச் சொல்வதில்லை. ஐயத்துக்கிடமின்றிப் புறப்படுவேன் என்று சொல்லும் சொல்லையே பெரும்பாலும் அத்தாட்சியாக ஏற்றுக்கொள்கிறது. எச்-1பி என்னும் மற்றொரு தொழில் விசாவிலோ, இப்போது தற்காலிகமாக வருகிறேன், பின்னர் நிரந்தரமாகத் தங்கவும் விரும்புகிறேன் என்று இரண்டு எண்ணங்களையும் ஒருங்கே வைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதித்து, அதற்கு ‘இரட்டை எண்ணம்’ என்று ஒரு பெயரும் வழங்குகிறது. மனம் ஒன்றாயிருந்தும் எண்ணம் இரண்டாயிருக்கலாம் என்பதை நம் யோக நூல்கள் தியானத்தின் வழியே கண்டன. நாடாளும் சட்டமோ, லட்சக்கணக்கான மனுக்களைப் பரிசீலித்த அனுபவத்தின் வழியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எண்ணம் என்பதை நம் மரபு ஒருபோதும் அற்பமாகக் கருதியதில்லை. பௌத்தம், செயலின் உயிர் சேதனையாகிய எண்ணத்திலேயே இருக்கிறது என்று கொண்டு, எண்ணத்தையே கர்மம் என்றது. வைதிகச் சடங்குகளில், எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் முதலில் சங்கல்பம் செய்யப்படுகிறது. சங்கல்பம் செய்பவர் தாம் இருக்கும் தேசத்தையும், நடக்கும் ஆண்டையும், மாதத்தையும், திதியையும், தம் பெயரையும், எதன்பொருட்டு இக்கர்மத்தைச் செய்கிறார் என்பதையும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கையிலுள்ள நீரை விடுகிறார். அந்தப் பெண்ணின் திரையில் தெரிந்த விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நீ யார், எங்கே பிறந்தாய், எங்கே போகிறாய், எந்தத் தேதியில், எதன் நிமித்தம், எத்தனை காலம் என்று வரிசையாகக் கேட்கும் அந்தப் படிவமும் ஒரு சங்கல்பமே. தேசத்தையும் காலத்தையும் காரியத்தையும் ஒருவன் வெளிப்படையாகச் சொல்லித் தன்னைக் கட்டிக்கொள்வதே இரண்டுக்கும் பொதுவான இயல்பு.

சங்கல்பம் ஜோசியம் அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நாளை நடக்கப்போவதைக் கூறுவது ஜோசியம். நாளை எதைச் செய்ய இன்று நான் என்னைப் பிணைத்துக்கொள்கிறேன் என்று கூறுவது சங்கல்பம். ஜோசியம் பொய்த்தால் சொன்னவனின் அறிவு குறைபட்டதாகும். சங்கல்பம் நிறைவேறாமற்போனாலோ, சொன்ன கணத்தில் அது உண்மையாக இருந்ததா, பிறகு மனிதன் தன் பங்குக்கு முயன்றானா என்னும் இரண்டையே கேட்க வேண்டும். நம் வீடுகளில் வெளியே புறப்படுகிறவர் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை; ‘போய் வருகிறேன்’ என்றே சொல்வார். வெறுமனே போகிறேன் என்றால் வீட்டிலுள்ள மூத்தவர்கள், போய்வருகிறேன் என்று சொல் என்று திருத்துவார்கள். அப்படிச் சொல்லிப் புறப்பட்டவர் வழியில் விபத்துக்குள்ளாகித் திரும்பாமற்போனால், அவர் பொய் சொல்லிவிட்டுப் போனார் என்று எந்தத் தாயும் நினைப்பதில்லை. அந்தச் சொல் எதிர்காலத்தைப் பற்றிய தகவல் அல்ல, புறப்படும் கணத்தில் நெஞ்சு எந்தத் திசையில் கட்டுண்டிருந்தது என்பதன் அடையாளம் என்று தமிழ் பேசும் ஒவ்வொருவருக்கும் தெரியும். வாருங்காவில் அந்த மேசையருகே கேட்கப்பட்ட கேள்விக்கு விடை, நாள்தோறும் நம் வாசற்படியில் சொல்லப்படும் இந்தச் சொல்லிலேயே இருந்தது. ஆயினும் அன்று எனக்கு அது தோன்றவில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து அறிவைச் சுமந்து கடல் கடந்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால், இந்தச் சொல் எத்தனை வழிகளில் நிறைவேறலாம் என்பது விளங்கும். அடிலெய்டு நகரில் 1898 ஆம் ஆண்டு பிறந்த ஹோவர்ட் ஃபுளோரி என்னும் மருத்துவர், ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று, 1921 ஆம் ஆண்டின் இறுதியில், கப்பலிலேயே வைத்தியராக வேலை பார்த்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அவருக்கு விசா என்ற ஒன்றே வேண்டியிருக்கவில்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமை என்று ஒன்று தனியாகச் சட்டத்தில் பிறந்தது 1949 ஜனவரி 26 ஆம் தேதிதான். அதுவரை ஆஸ்திரேலியர் யாவரும் பிரிட்டிஷ் பிரஜைகள். எத்தனை காலம் தங்குவாய் என்று ஃபுளோரியை யாரும் கேட்கவில்லை. அவரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பெனிசிலினை மருந்தாக்கிய பெரும் பணிக்குத் தலைமை தாங்கி, 1945 ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்குபெற்று, ஆக்ஸ்ஃபோர்டிலேயே வாழ்ந்து 1968 இல் அங்கேயே மறைந்தார். குடியிருக்கத் திரும்பவில்லை என்றாலும், கான்பெராவில் தேசியப் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவ ஆராய்ச்சிக் கூடமும் உருவாகத் துணைநின்று, முடிவில் அப்பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். 1965 இல் பிரபுப் பட்டம் அளிக்கப்பட்டபோது அவர் பட்டத்தில் இரண்டு ஊர்களின் பெயர்கள் சேர்ந்தன: பிறந்த அடிலெய்டு ஒன்று, வாழ்ந்த மார்ஸ்டன் ஒன்று. உடல் ஓரிடத்திலிருக்க, கடமை ஈரிடத்துக்கும் உரியதாயிருந்த ஒரு வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக எழுத இயலாது.

மற்றொரு மனிதரின் கதை அந்தப் பெண்ணின் வீட்டருகிலேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே என்னை அழைத்துச் சென்று காட்டிய வீடு அது. ஹாரி சைட்லர் என்னும் கட்டடக் கலைஞர் 1923 இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938 இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய பின் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். 1940 இல் இங்கிலாந்தோ அவரைப் பகைநாட்டான் என்று சிறைவைத்துக் கனடாவின் முகாமுக்கு அனுப்பிவிட்டது. விடுதலைபெற்று, அங்கேயே படித்து, பின்னர் ஹார்வர்டிலும் பயின்று, நியூயார்க்கில் மார்சல் பிராயர் என்னும் பெருங்கலைஞரிடம் பணிபுரிந்தார். சிட்னியில் குடியேறியிருந்த தாயாருக்கு ஒரு வீடு கட்டித்தருவதற்காக 1948 இல் ஆஸ்திரேலியா வந்தார். வீடு முடிந்தது, 1951 இல் அதற்கு சல்மன் பதக்கமும் கிடைத்தது, சைட்லர் புறப்படவில்லை. 2006 இல் மறையும்வரை சிட்னியிலேயே வாழ்ந்து அந்நகரத்தின் முகத்தையே மாற்றி அமைத்தார்.

ரோஸ் சைட்லர் இல்லம் என்று அத்தாயாரின் பெயராலேயே வழங்கும் அந்த வீடு இன்று காட்சியகம். பள்ளத்தாக்கை நோக்கி விரிந்த கண்ணாடிச் சுவர்கள். அவற்றுக்கு அப்பால் காடு. மேற்தளத்தின் திறந்த முற்றத்தில் சைட்லர் தம் கையாலேயே தீட்டிய வண்ணச் சுவரோவியம். அந்தப் பெண் ஓவியத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, வீட்டின் ஒரு பகுதியைத் தாங்கி நிற்கும் மெல்லிய தூண்களைப் பார்த்தாள். பொறியாளரின் கண் பாரம் எங்கே இறங்குகிறது என்பதைத்தான் முதலில் தேடும். வீடு மண்ணில் அழுந்திக் கிடக்காமல், பூமியைத் தொட்டும் தொடாமலும் நிற்பதுபோலத் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு தூணும் மண்ணுக்குள் உறுதியாக ஊன்றப்பட்டிருக்கிறது என்று அவள் சொன்னாள். அவளைப்போன்ற பலர் விசாவுக்காகச் சென்று நின்ற சிட்னி அமெரிக்கத் துணைத் தூதரகம் பல ஆண்டுகள் இயங்கிவந்தது மார்ட்டின் பிளேஸ் அருகே எழுந்து நிற்கும் வெண்ணிற எண்கோணக் கோபுரத்தின் 59 ஆம் தளத்தில். அக்கோபுரத்தை வடிவமைத்தவரும் இதே சைட்லர்தான். எத்தனை காலம் தங்குவாய் என்று கேட்கப்பட்ட அந்த அறையின் சுவர்களையே, ஒரு வீடு கட்ட வந்து ஆயுள் முழுதும் தங்கிவிட்ட ஒருவர் எழுப்பியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது, மனித உத்தேசத்தின் எல்லை எது என்பது கண்முன் நிற்கிறது.

ஆகவே சங்கல்பம் மாறலாம். மாறுவது குற்றமன்று, மாறிய பின்னும் பழைய சொல்லின் மறைவில் ஒளிந்திருப்பதே குற்றம். தங்க வேண்டும் என்று மனம் திரும்பியபோது, அதற்கென்று உள்ள வாசலுக்குச் சென்று, அதற்குரிய மனுவைக் கொடுத்து, அதற்குரிய காத்திருப்பையும் ஏற்றுக்கொள்வதே சத்தியம். இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதைத் தொந்தரவு என்று பலர் கருதுவர். எனக்கோ, மனிதன் தன் எண்ணத்தைத் தானே எடுத்துப் பார்த்து, இன்னும் இது உண்மையா என்று கேட்டுக்கொள்ள அமைந்த பர்வகாலமாக அது தோன்றுகிறது. எந்த நோன்பும் ஒருமுறை எடுத்து மறந்துவிடத்தக்கதன்று. காலந்தோறும் புதுப்பிக்கப்படும்போதே அதில் உயிர் நிற்கிறது.

வாசலில் நிற்பவனிடம் சத்தியத்தை எதிர்பார்க்கும் அரசு, தன் கேள்வியிலும் சத்தியமாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவே ஒரு காலத்தில் இந்நெறியினின்று வழுவியது. 1901 ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வருகிறவனுக்கு ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லலாம். எந்த மொழி என்பதை அதிகாரியே தேர்ந்துகொள்வார். ஐரோப்பியரல்லாதாரைத் தடுக்கவே அது வகுக்கப்பட்டது. 1934 இல் எகோன் கிஷ் என்னும் எழுத்தாளர் நாஜி ஆட்சியின் கொடுமையை எடுத்துச்சொல்ல வந்தபோது, பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அவரைத் தடுக்க ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள். அம்மொழி அச்சட்டம் கருதும் ஐரோப்பிய மொழியாகாது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் அந்தப் பரீட்சை ஒழிந்தது. விடையை அறிய விரும்பாமல், கேட்கப்படுகிறவன் தோற்க வேண்டும் என்பதற்காகவே கேட்கப்பட்ட கேள்வி அது. பொய் சொல்லாதே என்று பிறர்க்கு உபதேசிக்கும் நூல்கள் பல உண்டு. பொய்யாகக் கேளாதே என்பதும் அதே அளவு தர்மம் என்பதை இவ்வரலாறு கற்பிக்கிறது.

இனி, இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு எளிதில் திறந்த கதவு ஏன் அவளுக்குத் திறந்தது? அவள் கணக்கில் கெட்டிக்காரி என்பது உண்மை. ஆனால் அதே கணக்கை அதே திறமையுடன் போடும் பொறியாளர்கள் சென்னையிலும் மணிலாவிலும் நைரோபியிலும் இருக்கிறார்கள். உலகத்தார் அனைவரும் போட்டியிடும் எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்காவில் மேற்பட்டம் பெற்றவர்க்கென்று கூடுதலாக 20,000 இடங்களும் உள்ளன. மனுக்கள் மிகும்போது சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியர்க்கு ஒதுக்கிய 10,500 இடங்களோ நிரம்பாமலே மிஞ்சுவது வழக்கம். அந்த ஒதுக்கீடு சட்டமான விதமும் கவனிக்கத்தக்கது: யுத்தச் செலவுக்கும் 2004 ஆம் ஆண்டுச் சுனாமியின் நிவாரணத்துக்கும் பணம் ஒதுக்கிய அவசரச் சட்டமொன்றோடு சேர்த்து நிறைவேற்றப்பட்ட விதிகளில் ஒன்றாகவே அது பிறந்தது. நாகப்பட்டினத்துக் கரையில் ஊரே அழிந்துபோன அந்தக் காலைப்பொழுதின் பெயர், ஒரு சிட்னிப் பெண்ணின் உத்தியோகத்துக்கு வழிதிறந்த சட்டத்தின் தலைப்பில் நிற்கிறது. இதில் அவளுடைய புண்ணியம் என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை.

பூர்வஜன்ம வினை என்று சொல்லி இதனை முடித்துவிடுவோர் உண்டு. வினைக்கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளவும், தன் நடத்தையைத் திருத்திக்கொள்ளவும் ஏற்பட்ட அந்தக் கொள்கையைப் பிறனுக்கு நேரும் அநீதிக்குச் சமாதானமாகச் சொல்வது அதனைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். சென்னையில் பிறந்து, சிட்னியில் பல்லாண்டு உழைத்து, ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற தமிழர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் உறுதிமொழி எடுக்கும் நாளில், கடவுளைச் சாட்சியாகச் சொல்லும் வாசகத்தையோ சொல்லாத வாசகத்தையோ தாமே தேர்ந்துகொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும், அந்தச் சில விநாடிகளுக்குப் பின் ஈ-3 விசாவின் கதவு அவருக்கும் திறந்துவிடுகிறது. அதற்கு முந்தைய நாளைக்கும் இந்த நாளைக்கும் அவர் அறிவில் அணுவளவும் வேறுபாடு இல்லை. அதே அமெரிக்காவில் அவர் நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்யும்போதோ, சட்டம் அவர் கையிலுள்ள பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு, பொதுவாக அவர் பிறந்த நாட்டைக் கேட்டு, இந்தியாவில் பிறந்தோருக்கான நீண்ட வரிசையில் நிறுத்துகிறது. ஒரு வாசலில் அவர் ஆஸ்திரேலியர், மறுவாசலில் இந்தியர். நான் யார் என்னும் விசாரத்தை ரமணர் அருணாசலத்தின் அடியில் அமர்ந்து செய்யச் சொன்னார். இம்மனிதர்க்கோ அது அரசாங்க அலுவலகத்தின் வரிசையிலேயே எதிர்ப்படுகிறது.

உழைத்துப் பெறாத நன்மையை என்ன செய்வது? வீசியெறிவதால் சென்னைப் பொறியாளருக்கு ஓர் இடம் கூடிவிடாது. உரிமை என்று இறுமாப்பதோ உண்மைக்கு மாறானது. அடைக்கலமாக ஒப்புவிக்கப்பட்ட பொருளை நம் தர்ம நூல்கள் நியாசம் என்றன. அது என்னிடம் இருக்கிறது, ஆனால் என்னுடையதன்று. கணக்குக் கேட்கப்படும் என்ற நினைவோடு அதைக் காக்க வேண்டும். வாய்ப்பு என்பது அத்தகைய நியாசம். அதனைப் பெற்றவர், தம் அருகே அதே வேலையை வேறு விசாவில், நிச்சயமற்ற வரிசையில் நின்றுகொண்டு செய்கிறவரைத் தம்மினும் தாழ்ந்தவராக எண்ணாதிருப்பதும், அவர்களுக்கு ஊதியத்திலோ மரியாதையிலோ குறை நேரும்போது தம் பாதுகாப்பான இடத்திலிருந்து குரல் கொடுப்பதும் அந்தக் கணக்கின் முதற்பகுதி.

வந்தவனை ஏற்பதில் பழைய உலகம் கண்ட நெறிகளும் உண்டு. நம்மவர் விருந்தினனை அதிதி என்றார்கள். திதி இல்லாதவன், இன்ன நாள் வருவான் என்று நாள் குறிக்கப்படாதவன் என்று அதற்குப் பொருள் சொல்வர். விசாவில் செல்பவர்க்கோ திதியே யாவும்: இன்ன தேதிவரை என்று எழுதிய பதிவே அவர் இருப்புக்கு ஆதாரம். ஜெர்மானிய ஞானி கான்ட், 1795 இல் எழுதிய நித்திய சமாதானம் பற்றிய நூலில், பூமி உருண்டையாகவும் அளவுபட்டதாகவும் இருத்தலால் மனிதர் ஒருவரையொருவர் சகித்து அருகருகே வாழ்ந்தே தீர வேண்டும்; ஆதலால் பகையின்றி வரும் அந்நியன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை எல்லா மனிதர்க்கும் உண்டு; ஆனால் தங்கியிருக்கும் உரிமை தனி உடன்பாட்டால் வருவது என்று வகுத்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடத்தில் இதற்கெல்லாம் நெடுங்காலம் முன்பே ஒரு மரபு இருந்தது. கோடுகளும் புள்ளிகளும் செதுக்கிய சிறு மரக்கோலைத் தாங்கித் தூது செல்பவன், பிறருடைய நிலத்தின் எல்லையில் காத்திருந்து, உரியவர் அழைத்த பின் உட்புகுவான். கோலைத் தாங்கியவனுக்குத் தீங்கு இழைக்கலாகாது. வாருங்கா என்னும் பெயரே, எங்கள் வீடு என்று பொருள்படும் அவர்கள் சொல் என்பர். அனுமதி கேட்காமல் அந்த நிலத்தில் வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பிறநாட்டு வாசலில் நின்று அனுமதி கேட்கும்போது, எல்லையில் காத்திருத்தல் என்னும் அந்த மரியாதை எத்தகைய நாகரிகம் என்பதை உணர வாய்ப்புப் பெறுகிறார்கள்.

காத்திருந்து உட்புகுந்தவர் எப்படி வாழ வேண்டும்? தமிழில் பரதேசி என்றொரு சொல் இருக்கிறது. பிறதேசத்தவன் என்பது அதன் சொற்பொருள். உலகப் பற்றை விட்டு ஊரூராகச் செல்லும் துறவியையும் அச்சொல்லே குறித்தது. விவிலியத்தைத் தமிழாக்கியவர்களும், நிலம் ஆண்டவனுடையது, மனிதர் அதில் தங்கிச் செல்பவரே என்னும் கருத்து வருமிடங்களில் இந்தச் சொல்லையே நாடினார்கள். புனித அகஸ்தீனும் இவ்வுலகில் இறைவனின் மக்களை யாத்திரிகர் என்றே கண்டார். அந்நியனையும் துறவியையும் ஒரே பெயரால் அழைத்த நம் முன்னோர், அந்நிய நாட்டில் வாழ்வதே ஒருவகைப் பற்றின்மைப் பயிற்சி என்பதை உணர்ந்திருக்க வேண்டும். பற்றின்மை என்றால் அக்கறையின்மை என்று பொருளன்று. எப்படியும் போகப்போகிறவன்தானே என்று அண்டைவீட்டார் பெயரைக்கூட அறியாமல், அவ்வூர்ப் பள்ளியின் நன்மையிலும் ஆற்றின் தூய்மையிலும் கவனமில்லாமல், சம்பளத்தை மட்டும் எண்ணிக்கொண்டு இருப்பவன் துறவியல்லன். தன் பாலத்தின் மேல் தான் ஒருநாளும் நடக்கப்போவதில்லை என்று தெரிந்தும், நூறாண்டு நிற்கும்படி கணக்கிடுகிற பொறியாளரே கீதை கூறும் கர்மயோகத்தின் நேரான உதாரணம்.

விருந்தினனுக்குக் கடமை சொல்லும்போது வீட்டுக்காரனின் கடமையை மறப்பது நியாயமாகாது. வேலை போய்விட்டால் 60 நாள்வரை மட்டுமே அவகாசம் அளிக்கிறது அமெரிக்க விதி. அதற்குள் வேறு வழி காணாதவர் வீட்டைக் கலைத்துப் புறப்பட வேண்டும். இன்னொன்று இதைவிட மனத்தை வருத்துவது. பெற்றோரின் விசாவைச் சார்ந்து செல்லும் குழந்தை, 21 வயது நிரம்பியதும் அந்தச் சார்பை இழந்துவிடுகிறது. இரண்டு வயதில் இடுப்பில் தூக்கிச் செல்லப்பட்டு, அங்கேயே எழுதப் படித்து, அங்குள்ள உச்சரிப்பிலேயே பேசி, அங்குள்ள நண்பர்களோடு வளர்ந்த பிள்ளை, ஒரு பிறந்தநாளன்று, நீ இங்கே இருப்பதற்கு உன் காரணம் என்ன என்று கேட்கப்படுகிறான். அவன் எந்தச் சங்கல்பமும் செய்தவனல்லன். பெற்றோர் சொன்ன ‘போவேன்’ என்னும் சொல்லைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது எந்தத் தர்மத்துக்கும் உடன்பாடன்று. எண்ணத்தைக் கேட்டு அனுமதி தரும் சட்டம், எண்ணும் வயதில்லாதவன் விஷயத்தில் கருணையால் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதுவரை, பெற்றோராவது அந்த நாள் வரும் என்பதைப் பிள்ளையிடம் மறைக்காமல் முன்னதாகவே வழிதேட வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு விசா கிடைத்துவிட்டது. நான் ஊர் திரும்புமுன்பே அவள் புறப்படும் நாளும் வந்தது. வாசலில் வண்டி நின்றது, பெட்டிகள் ஏற்றப்பட்டுவிட்டன. எங்கள் ஊரில் விடைபெறும்போது என்ன சொல்வோம் என்று அவள் முன்பு ஒருமுறை கேட்டிருந்தாள். ‘போய் வருகிறேன்’ என்பதன் பொருளை அன்றுதான் நான் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, நடையில் ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவிகளில் தன்னுடையதைக் கழற்றித் தாயாரிடம் நீட்டினாள். இனி அது தேவைப்படாதே என்று கொடுக்க நினைத்தாள் போலும். தாயார் அதை வாங்கவில்லை. மகளின் விரல்களை அந்தச் சாவியின்மேலேயே மடக்கிவிட்டுக் கையை விட்டார். கைவிட எண்ணாத வீட்டைக் காட்டும்படி எந்த அதிகாரியும் அவளைக் கேட்டிருக்கவில்லை. அவள் சாவியைக் கைப்பையில், பாஸ்போர்ட் இருந்த அதே அறையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.